மின்வெட்டும் 4ஜி லைனும் உள்ள கணினி ஆய்வுகூடத்தில் ஃப்ரீஐபிஏ: எங்க தொடங்குறது?

மாங்குளம்_லாப்:

வணக்கம். மாங்குளம் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆய்வுகூடத்துக்குக் கேட்கிறன். 24 கணினி, எல்லாத்திலும் உபுண்டு 22.04. கணக்கியல் வகுப்புக்காக ஆறில் விண்டோஸ் 10உம் சேர்ந்து கிடக்கு. ஒவ்வொரு மெசினிலும் தனித்தனி யூசர் எண்டபடியால் இண்டைக்கு ஒரு கதிரையில் இருந்த பிள்ளை நாளைக்கு வேற இடத்தில் இருந்தால் லொகின் பண்ண ஏலாது. கடைசியில் எல்லாரும் பொது யூசர் ஒண்டில் போய் நிக்கினம், ஒருத்தர் அழிச்சால் மற்றவரின் வேலையும் சேர்ந்து போகுது.

சேவருக்கு எண்டு ஒரு பழைய ஐ5, 8 ஜிபி ராம், 240 ஜிபி டிஸ்க். அல்மாலினக்ஸ் 9 போட்டிருக்கு. இணைப்பு 4ஜி றவுட்டர், டேற்றா அளந்துதான் பாவிக்கலாம். கரண்ட் நிண்டால் யூபிஎஸ் பத்து நிமிசம் தாங்கும்.

எந்த மெசினிலும் ஒரே யூசரோட நுழைய வைக்க ஃப்ரீஐபிஏ, கீக்ளோக், ஓபன்எல்டாப் மூண்டில் எது சரி? ஃப்ரீஐபிஏ இன்ஸ்ரோலர் தொடங்கினதும் ஹோஸ்ட்நேம் (மெசினின் பெயர்) 127.0.0.1க்கு, மெசின் தன்னையே குறிக்கிற முகவரிக்கு, போகுது, அப்படி இருக்கக்கூடாது எண்டு சொல்லி நிண்டிடுது. மற்றது, லைன் இல்லாத நேரம் பிள்ளைகள் லொகின் பண்ண ஏலுமோ?

அக்கராயன்_அட்மின்:

கீக்ளோக் உங்களுக்கு இல்லை. அது பிரவுசருக்குள்ள நடக்கிற லொகினுக்கு: மூடில், நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி வலைச் செயலிகளுக்கு ஓபன்ஐடி கனெக்ட், சாம்ல் எண்ட நெறிமுறைகள் வழியா ஒரே நுழைவு குடுக்கும். உபுண்டுவின் லொகின் திரைக்கு அது நேராக உதவாது. பிறகு மூடில் போட்டால் ஃப்ரீஐபிஏக்கு மேல கீக்ளோக்கை வைச்சு அதே யூசர்களை எல்டாப் (யூசர் பட்டியலை வாசிக்கிற நெறிமுறை) வழியா வாசிக்க விடலாம், அது அப்ப பாப்பம்.

ஓபன்எல்டாப் வெறும் அடைவுதான், யூசர் விபரப் பட்டியல். கெர்பரோஸ் (பாஸ்வேட்டைச் சரிபாத்து டிக்கெட் எண்ட நுழைவுச் சீட்டுக் குடுக்கிறது), சான்றிதழ், டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லுறது) எல்லாத்தையும் நீங்களே கொண்டுவந்து தைக்கோணும். ஃப்ரீஐபிஏ அதைத் தைச்சே தருது: உள்ளுக்கு 389 டிரெக்டரி சேவர், எம்ஐடி கெர்பரோஸ், சான்றிதழுக்கு டொக்டாக், டிஎன்எஸ்சுக்கு பைண்ட், கிளையன்ட் பக்கத்தில், அதாவது பிள்ளைகள் இருக்கிற மெசினில், லொகினைப் பாக்கிற எஸ்எஸ்எஸ்டி. சான்றிதழ் அதிகாரியோட (சான்றிதழ் வழங்கிற பகுதி) போட்டால் 1.2 ஜிபிக்குக் குறைஞ்ச ராமில் இன்ஸ்ரோலரே மறுக்கும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி, உங்களிட்ட 8 கிடக்கு.

இனி உங்கட பிழைக்கு வாறன். /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேவரின் பெயரை 127.0.0.1 வரியின் கடைசியில் ஒட்டியிருப்பியள். அதை எடுத்துப்போட்டுத் தனி வரி எழுதுங்கோ, நீளப் பெயர் முதலில் வரோணும்:

192.168.10.5 சேவர்1.ஐபிஏ.எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி சேவர்1

குறுகிய பெயரை முன்னுக்குப் போட்டால் கெர்பரோஸ் அந்தக் குறுகிய பெயரையே பிடிச்சுக்கொண்டு நிக்கும், பிறகு "சேவர்1 எண்டு ஒரு சேவையும் இல்லை" எண்டு வரும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் எண்டு குடுக்கிறதும் நீளப் பெயரைத்தான், முழுக்கச் சின்ன எழுத்தில். ஐபி நிலையானதா இருக்கோணும், அதோட றவுட்டர் டிஎச்சிபி வழியாத் தானாப் பகிர்ற ஐபி எல்லைக்கு வெளியில் இருக்கோணும். 100 தொடக்கம் 200 வரை றவுட்டர் பகிர்ந்தால் சேவருக்கு 5ஐ வையுங்கோ. ஐபிவி6ஐப் பாவிக்காட்டியும் கேர்னலில் அணைக்க வேண்டாம். பழைய வழிகாட்டிகளைப் பாத்து அணைச்சுப்போட்டு இன்ஸ்ரோல் நடுவில விழுந்து நிக்கிறவை கனபேர்.

பெயர் விசயத்தில் ஒருக்கா நிண்டு யோசியுங்கோ. ரெல்ம், அதாவது பெரிய எழுத்தில் வாற கெர்பரோஸ் பெயர், போட்ட பிறகு மாத்த ஏலாது. மாத்தோணும் எண்டால் முழுக்கக் கழட்டித் திரும்பப் போடுறதுதான். .லோக்கல் எண்டு முடியிற பெயர் வேண்டாம். அந்த முடிவை உபுண்டுவில் பக்கத்து மெசின்களைத் தேடுற அவாகி தன்ர வேலைக்கு எடுக்கிறதால் சில நேரம் பெயர் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. நிலையத்துக்குச் சொந்த டொமைன் இருந்தால் அதையே நேராக் குடுக்காமல் அதுக்குக் கீழ "ஐபிஏ" எண்டு ஒரு துணை டொமைன் எடுங்கோ. நேராக் குடுத்தால் ஆய்வுகூடத்துக்குள்ள அந்தப் பெயருக்கு உங்கட சேவர்தான் அதிகாரி ஆகும். வெளியில் எங்கயோ இருக்கிற நிலையத்தின் வலைத்தளம் உள்ளுக்கிருந்து திறக்காது.

பொதிகள்: டிஎன்எஃப் இன்ஸ்ரோல் ஐபிஏ-சேவர் ஐபிஏ-சேவர்-டிஎன்எஸ். இணையத்தில் முதலில் "மொடியூல் எனேபிள்" செய்யச் சொல்லுற பக்கங்கள் 8ஆம் பதிப்புக்கு எழுதினவை, 9இல் அது தேவையில்லை. டேற்றாவை மிச்சம் பிடிக்கோணும் எண்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நல்ல லைன் உள்ள இடத்தில் அல்மாலினக்ஸின் டிவிடி ஐஎஸ்ஓவை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாங்கோ. மினிமல் இல்லை, டிவிடி. ஐபிஏ பொதிகளும் அவைக்குத் தேவையான மற்றதெல்லாமும் அதிலயே கிடக்கு. பென்டிரைவ் எக்ஸ்ஃபாட்டில் இருக்கோணும், ஃபாட்32 எண்டால் 4 ஜிபிக்கு மேல ஒரு கோப்பு ஏறாது. ஐஎஸ்ஓவை /எம்என்டியில் மவுண்ட் பண்ணி, /ஈடிசி/யம்.றெப்போஸ்.டி இல் ஒரு கோப்பு எழுதி, பேஸ்ஓஎஸ், ஆப்ஸ்ட்ரீம் ரெண்டு அடைவையும் ஃபைல்:/// முகவரியாக் காட்டினால் ஒரு எம்பியும் செலவில்லாமல் ஏறும்.

பிறகு:

ஐபிஏ-சேவர்-இன்ஸ்ரோல் --செட்டப்-டிஎன்எஸ் --ஃபோர்வேடர்=8.8.8.8 --ஓட்டோ-றிவேர்ஸ் --எம்கேஹோம்டிர்

ரெண்டு பாஸ்வேட் கேக்கும், ரெண்டும் குறைஞ்சது 8 எழுத்து. டிரெக்டரி மனேஜர் பாஸ்வேட் அடைவின் வேர் சாவி, நாளாந்தம் தேவைப்படாது, கடதாசியில் எழுதிப் பூட்டி வையுங்கோ. அட்மின் பாஸ்வேட்தான் தினசரி வேலைக்கு. கடைசியா "இந்த விபரங்களோட தொடரலாமோ" எண்டு கேக்கிற இடத்தில் வெறும் என்டர் அடிச்சால் "இல்லை" எண்டுதான் எடுக்கும், "யெஸ்" எண்டு முழுசா அடியுங்கோ. டொக்டாக் படியில் மூண்டு நிமிசம் எண்டு மதிப்புச் சொல்லும். பழைய டிஸ்க்கில் அதைவிட நிக்கும், கொன்ட்ரோல்-சி அடிக்க வேண்டாம்.

நடுவில விழுந்தால் /வார்/லொக்/ஐபிஏசேவர்-இன்ஸ்ரோல்.லொக் கோப்பின் கடைசி ஐம்பது வரியைப் பாருங்கோ. திரும்ப ஓட்ட முதல் ஐபிஏ-சேவர்-இன்ஸ்ரோல் --அன்இன்ஸ்ரோல் கட்டாயம், அரைகுறையாக் கிடக்கிறதுக்கு மேல ரெண்டாந்தரம் ஏறாது.

ஃபயர்வோலில் ஃப்ரீஐபிஏ-4, டிஎன்எஸ், என்டிபி (நேரம் பகிர்றது) மூண்டு சேவையையும் --பேர்மனன்ட் போட்டுத் திறந்து றீலோட் பண்ணுங்கோ. எஸ்ஈலினக்ஸ் எண்ட பாதுகாப்புக் காவலை அணைக்க வேண்டாம். அது மறிக்குது எண்டு நினைக்கிற பிழை அநேகமா டிஎன்எஸ் பிழையா இருக்கும்.

உங்கட மூண்டாவது கேள்விக்கு: 4ஜி லைன் போறதுக்கும் லொகினுக்கும் சம்பந்தமே இல்லை. சேவர் அறைக்குள்ளதானே நிக்குது. சேவர் விழுந்தால்தான் கேள்வி வரும். அப்பவும் ஐபிஏ கிளையன்ட் போடேக்க எஸ்எஸ்எஸ்டியில் பாஸ்வேட் ஞாபகம் வைக்கிற வசதி தானாகவே இயங்கும். ஆனால் அந்த மெசினில் ஒருக்காவது லொகின் பண்ணின பிள்ளைக்கு மட்டும்தான். இடம் மாறி மாறி இருக்கிற வகுப்பில் இதை மறக்க வேண்டாம்.

வவுனியா_வயர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்து மட்டும். ஆறு விண்டோஸ் இருக்கிறபடியால் விண்டோஸ் டொமைன் சேவராக நிற்கக்கூடிய சாம்பாவின் ஆக்டிவ் டிரெக்டரி பற்றியும் யோசிக்கலாம். விண்டோஸ் மெசின்களை ஃப்ரீஐபிஏவில் ஒழுங்காகச் சேர்க்க வழி இல்லை. சாம்பா என்றால் விண்டோஸும் சேரும், உபுண்டுவும் எஸ்எஸ்எஸ்டி மூலம் சேரும். ஆனால் அல்மாவில் வருகிற சாம்பா பொதியில் டொமைன் கொன்ட்ரோலர் பகுதி இல்லை, அதற்கு டெபியனோ உபுண்டுவோ தேவை. ஃப்ரீஐபிஏ ஓடுகிற அதே சேவரிலும் அதைப் போட முடியாது. 53, 88, 389 போர்ட் மூன்றுக்கும் இரண்டும் சண்டை பிடிக்கும்.

அக்கராயன்_அட்மின்:

ஆறும் கணக்கியல் வகுப்புக்கு மட்டும் எண்டால் அந்த விண்டோஸ் பக்கத்தை உள்ளூர் யூசரோடயே விடலாம் எண்டது என்ர எண்ணம். பாதிக்கு மேல விண்டோஸ் எண்டால் நானும் சாம்பா எண்டுதான் சொல்லியிருப்பன். சூடோ (அட்மின் உரிமை) விதிகள், எந்த மெசினுக்கு ஆர் நுழையலாம் எண்ட கட்டுப்பாடு, எஸ்எஸ்எச் சாவி எல்லாம் லினக்சுக்கு ஃப்ரீஐபிஏயில் கைக்கு அடக்கமாக் கிடக்கு.

மாங்குளம்_லாப்:

நன்றி அண்ணை. ஹோஸ்ட்ஸ் வரிதான் பிழை. திருத்தினதும் இன்ஸ்ரோல் கடைசி வரை போயிட்டுது. ஐபிஏசிடிஎல் ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் ஓடுது எண்டு காட்டுது, டிக்கெட் எடுக்கிற கேஇனிட் அட்மினும் வேலை செய்யுது.

இப்ப கிளையன்ட் பக்கம் மூண்டு விதமாக் குழம்புது. சில மெசினில் டொமைனைக் கண்டுபிடிக்க ஏலாது எண்டு வருது. வேற சிலதில் ரெண்டாவதைச் சேர்க்கேக்க "ஏற்கனவே சேர்ந்திட்டுது" எண்டு சொல்லுது. ஃபோர்ஸ்-ஜொயின் போட்டுச் சேர்த்தால் முதல் சேர்ந்தது லொகின் எடுக்குதில்லை. விண்டோஸ் கிடக்கிற ஆறும் நேர வித்தியாசம் கூட எண்டு மறுக்குது, ஆனால் திரையில் மணிக்கூடு சரியாத்தான் காட்டுது.

வவுனியா_வயர்:

முதலாவது டிஎன்எஸ். கிளையன்ட் தன் சேவரைத் தேடுவது டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி (எந்தச் சேவை எந்தச் சேவரில் என்று சொல்லும்) பதிவுகளை வைத்து. உங்கள் 4ஜி றவுட்டர் டிஎச்சிபியில் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவிக்கிறது, அதற்கு உங்கள் ஐபிஏ டொமைனைத் தெரியாது. கிளையன்டில் இருந்து இதை அடித்துப் பாருங்கள்:

டிக் எஸ்ஆர்வி _எல்டாப்._டிசிபி.ஐபிஏ.எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி

விடையில் சேவர்1 வந்தால் டிஎன்எஸ் சரி. வெறுமையாக வந்தால் றிசொல்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடித்து எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்று பாருங்கள். உபுண்டுவில் /ஈடிசி/றிசொல்வ்.கொன்ஃப் கோப்பைத் திறந்து பார்த்துப் பயனில்லை, அதில் எப்போதும் 127.0.0.53 என்றுதான் இருக்கும். கையால் அதைத் திருத்தினாலும் மீண்டும் அழிந்துபோகும்.

திருத்த வேண்டிய இடம் றவுட்டரின் டிஎச்சிபி பக்கம். அங்கே டிஎன்எஸ் 192.168.10.5 என்று கொடுங்கள். இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8 (கூகிளின் பொது டிஎன்எஸ்) போட வேண்டாம். எல்லோரும் பாதுகாப்புக்கு என்று நினைத்துப் போடுவது அது. கிளையன்ட் ஒரு தடவை அந்தப் பக்கம் தாவினால் உங்கள் டொமைன் உலகத்திலேயே இல்லை என்று பதில் வரும், லொகின் காரணம் தெரியாமல் விட்டு விட்டு வேலை செய்யும். சிம் கொம்பனிகள் கொடுக்கும் சில றவுட்டர்களில் டிஎன்எஸ் கட்டம் பூட்டியிருக்கும். அப்படியென்றால் றவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு வேறு சிறிய மெசினில் டிஎன்எஸ்மாஸ்க்கை டிஎச்சிபிக்கு மட்டும் ஓட்டுங்கள். ஐபிஏ சேவரிலேயே ஓட்டுவதென்றால் அதன் கொன்ஃபிக்கில் போர்ட்=0 என்று எழுதி அதன் டிஎன்எஸ் பகுதியை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைண்டோடு மோதும்.

ஐபிஏ-கிளையன்ட்-இன்ஸ்ரோலுக்கு --சேவர் என்று கையால் பெயர் கொடுத்தும் சேர்க்கலாம். ஆனால் அந்த மெசின் அந்த ஒரு சேவரோடேயே கட்டுண்டு நிற்கும். பிறகு இரண்டாவது சேவர் வைத்தால் தானாக அங்கே மாறாது.

இரண்டாவது, ஃபோர்ஸ்-ஜொயின் விவகாரம். இந்த மெசின்கள் ஒரே இமேஜில் இருந்து குளோன் பண்ணியவை, அப்படித்தானே? எல்லாவற்றுக்கும் ஒரே ஹோஸ்ட்நேம். ஃப்ரீஐபிஏ ஒவ்வொரு மெசினையும் பெயரால் அடையாளம் கண்டு ஒரு சாவி கொடுக்கிறது, அது /ஈடிசி/கேஆர்பி5.கீடாப் கோப்பில் இருக்கும். அதே பெயரில் இன்னொன்று சேரும்போது புதுச் சாவி எழுதப்படும், பழைய மெசினின் சாவி அந்த நிமிடமே செல்லாது. பிசி01 முதல் பிசி24 வரை தனித்தனி நீளப் பெயர் வைத்து, ஹோஸ்ட்ஸில் உபுண்டு தானாக எழுதுகிற 127.0.1.1 வரியையும் அந்தப் பெயருக்கு மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஏற்கனவே சேர்ந்தவற்றில் முதலில் ஐபிஏ-கிளையன்ட்-இன்ஸ்ரோல் --அன்இன்ஸ்ரோல். இனிமேல் இமேஜ் எடுப்பதென்றால் சேர்ப்பதற்கு முன் எடுங்கள்.

24 மெசினிலும் போய் அட்மின் பாஸ்வேட் அடிப்பது நல்லதல்ல, பின்னால் நின்று பார்க்கிற கண்கள் பல. சேவரில் ஐபிஏ ஹோஸ்ட்-அட் பிசி07.ஐபிஏ.எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி --றான்டம் --ஃபோர்ஸ் என்று அடித்தால் ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் பாஸ்வேட் கிடைக்கும். அதை --பாஸ்வேட் என்று கொடுத்துச் சேர்த்தால் போதும்.

முல்லைக்கரை:

மூண்டாவதை நான் சொல்லுறன். விண்டோஸும் லினக்ஸும் போர்டில இருக்கிற மணிக்கூட்டை வேற வேற மாதிரி வாசிக்குதுகள். விண்டோஸ் அதில இலங்கை நேரத்தை எழுதும். லினக்ஸ் அதையே யூடிசி (உலகப் பொது நேரம்) எண்டு எடுக்கும். அப்ப விண்டோஸை நிப்பாட்டிப்போட்டு உபுண்டுவுக்கு வந்தா சரியா ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும். கெர்பரோஸ் பொறுக்கிறது 5 நிமிசம்தான், 300 செக்கன்.

திரையில சரியாக் காட்டுது எண்டு சொன்னீங்கள். ஆரோ டைம்சோனை யூடிசி எண்டு மாத்தி விட்டிருப்பினம். இலங்கை நேரத்தை யூடிசி எண்டு எடுத்து, யூடிசியாவே காட்டினா, கண்ணுக்குச் சரி. உள்ளுக்க ஐந்தரை மணித்தியாலம் பிழை. டைம்டேட்சிடிஎல் அடிச்சா உள்ளூர் நேரம், யூடிசி, ஆர்டிசி (போர்டில இருக்கிற மணிக்கூடு) மூண்டையும் காட்டும். யூடிசி வரியை மட்டும் சேவரோட ஒத்துப் பாருங்கோ. மற்ற ரெண்டும் கெர்பரோசுக்கு வேண்டாம். 1996இல் நாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளினாப் பிறகும் வன்னி பழைய நேரத்திலயே நிண்டு, 2006 ஏப்ரலில்தான் ரெண்டும் திரும்ப ஒண்டாச்சு. அந்தக் காலத்தில ஓமந்தைக்கு இந்தப்பக்கம் ஒரு சேவரும் அந்தப்பக்கம் ஒரு கிளையன்டும் வைச்சிருந்தாலும் டிக்கெட் சோலியில்லாமல் கிடைச்சிருக்கும்.

திருத்த ரெண்டு வழி. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில டைம்சோன்இன்ஃபர்மேசன் சாவிக்குள்ள றியல்டைம்இஸ்யூனிவேர்சல் எண்டு ஒரு டிவேர்ட், பெறுமதி 1. இதுதான் சுத்தமான வழி. மற்றது உபுண்டுவில டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1. இதுக்கு உபுண்டுவே எச்சரிக்கை காட்டும், ஆனா வேலை செய்யும். ரெண்டையும் சேத்துச் செய்யாதேங்கோ, பழையபடி அதே ஐந்தரை மணித்தியாலம் மற்றப் பக்கமா வரும். டைம்சோனையும் ஏசியா/கொழும்புக்கு மாத்தி விடுங்கோ.

இதைவிடப் பெரிய பிரச்சினை சேவரின்ர மணிக்கூடு. பழைய ஐ5 எண்டா போர்டில இருக்கிற சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். கரண்ட் போய் யூபிஎஸ்சும் இறங்கினா அடுத்தமுறை எழும்பேக்க எத்தினையோ வருசம் பின்னுக்கு நிக்கும். அப்ப ஒரு முடிச்சு விழும். பைண்ட் டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதிலில இருக்கிற கையொப்பத்தை, சரிபாக்கும், பிழையான திகதியில கையொப்பம் ஒண்டும் செல்லாது, வெளிப் பெயர் ஒண்டும் கிடைக்காது. பெயர் கிடைக்காட்டி நேரத்தைத் திருத்திற குரோனி என்டிபி சேவரை எப்பிடித் தேடும்? நேரம் திருந்தாட்டி டிஎன்எஸ் வேலை செய்யாது, டிஎன்எஸ் இல்லாட்டி நேரம் திருந்தாது. டிஎன்எஸ்செக்கை அணைச்சு விடுறவையும் இருக்கினம், நான் சொல்லமாட்டன். முதல்ல பற்றரியை மாத்துங்கோ. அதோட /ஈடிசி/குரோனி.கொன்ஃபில ஒரு சேவரைப் பெயரில்லாம ஐபியாக் குடுங்கோ. கூகிளின்ர நேரச் சேவர் 216.239.35.0. கூகிளைக் குடுத்தா அதை மட்டும் குடுங்கோ, லீப் செக்கனை (இடைக்கிடை சேர்க்கிற ஒரு செக்கன்) அவை கையாளுற விதம் வேற, மற்றப் பொது (பூல்) சேவர்களோட கலக்கப்படாது.

அதே கோப்பில இன்னும் ரெண்டு வரி:

அலவ் 192.168.10.0/24
லோக்கல் ஸ்ட்ராட்டம் 10

முதல் வரி இல்லாட்டி சேவர் மற்ற மெசினுக்கு நேரம் குடுக்காது. ஐபிஏ இன்ஸ்ரோலர் குரோனியைக் கிளையன்டாத்தான் அமைச்சு விடும். ரெண்டாவது வரி லைன் இல்லாத நாளுக்கு, தன்ர நேரத்தையே நம்பிப் பகிரச் சொல்லுறது. அறைக்குள்ள எல்லா மெசினும் ஒரே பிழையான நேரத்தில நிண்டாலும் கெர்பரோஸ் ஓடும், வித்தியாசம்தான் அதுக்குப் பிரச்சினை. கிளையன்ட் போடேக்க --என்டிபி-சேவர்=192.168.10.5.

மாங்குளம்_லாப்:

குளோன்தான், எல்லாத்துக்கும் ஒரே பெயர்தான். ஆறிலும் டைம்சோன் யூடிசி எண்டும் இருந்தது. பெயர் மாத்தி, நேரம் திருத்தி, றவுட்டரில் டிஎன்எஸ் குடுத்தாப் பிறகு 24உம் சேர்ந்திட்டுது.

இன்னும் ரெண்டு. லொகின் திரையில் பிள்ளைகளின் பெயர் ஒண்டும் வருதில்லை. மற்றது, பிசி03இல் செய்த வேலை பிசி11இல் இல்லை. ஃப்ரீஐபிஏ அதையும் கொண்டுவரும் எண்டு நினைச்சன்.

அக்கராயன்_அட்மின்:

திரையில் பெயர் வராது. ஏற்கனவே அந்த மெசினில் நுழைஞ்சவையைத்தான் பட்டியலில் காட்டும். கீழ "பட்டியலில் இல்லையா" எண்டு ஒரு வரி கிடக்கும், அதை அழுத்தி யூசர்பெயர் அடிக்கோணும். நீங்கள் அட்மினா வைச்சுக் குடுத்த பாஸ்வேட் அந்த நிமிசமே காலாவதியானதாத்தான் கணக்கு, முதல் லொகினில் புதுசு கேக்கும். பழையதை ஒருக்கா, புதுசை ரெண்டுதரம் எண்டு பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கோ, "திரும்பத் திரும்பக் கேக்குது" எண்டு கை தூக்குவினம். உள்ளுக்குப் போன உடன ஹோம் அடைவு இல்லை எண்டு வெளியில் தள்ளினால் சூடோ பாம்-ஆத்-அப்டேட் ஓட்டி, லொகினில் ஹோம் உருவாக்கிற தெரிவில் புள்ளி வையுங்கோ.

கோப்புகள் வேற கதை. ஃப்ரீஐபிஏ ஆர் எண்டு சொல்லும், உள்ளுக்கு விடும், பொருளைக் காவாது. ஹோம் அடைவு எல்லா இடமும் வரோணும் எண்டால் என்எஃப்எஸ் (வலையில் அடைவு பகிர்ற) சேவர் ஒண்டு வைச்சு, ஐபிஏயின் ஓட்டோமவுண்ட் வழியா லொகினில் இணைக்கலாம். உங்கட அறைக்கு நான் அதைச் சொல்லமாட்டன். சேவர் விழுந்தால் ஞாபகத்தில் கிடக்கிற பாஸ்வேட்டால் லொகின் நடக்கும், ஆனால் ஹோம் இல்லாமல் திரை தொங்கி நிக்கும். மின்வெட்டுக்கு எண்டு வைச்ச வசதி அதோட வீண். ஸ்னாப் பொதியா வாற ஃபயர்ஃபொக்ஸும் என்எஃப்எஸ் ஹோமில் இடக்குப் பண்ணும். ஹோம் அந்தந்த மெசினிலயே இருக்கட்டும். வேலைக் கோப்புக்கு மட்டும் சேவரில் ஆளுக்கொரு அடைவு பகிர்ந்து, மேசைத்திரையில் ஒரு குறுக்குவழி வையுங்கோ. வகுப்பு முடிய அதில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கோ.

முல்லைக்கரை:

சேவர் விழாமப் பாக்கிறதுக்கு: யூபிஎஸ்சில யூஎஸ்பி சொக்கட் இருந்தா நட் எண்ட பொதியைப் போட்டு, பற்றரி குறையேக்க தானா அணையச் செய்யுங்கோ. மலிவான யூபிஎஸ் கனக்க யூஎஸ்பி இல்லாமத்தான் வருது. அப்ப யூபிஎஸ்சில இல்லாம நேர கரண்டில ஒரு பழைய அக்சஸ் பொயின்டைக் கொழுவி, சேவர் அதை நிமிசத்துக்கு ஒருக்கா பிங் பண்ணட்டும். நாலு நிமிசம் பதில் இல்லாட்டி ஷட்டவுண். பத்து நிமிசம் தாங்குற பற்றரி எண்டு பெட்டியில இருந்தாலும் ஒரு வருசத்தில பாதியும் தாங்காது, அதால நாலுக்கு மேல போகாதேங்கோ.

பயோசில "கரண்ட் வந்ததும் எழும்பு" எண்டதையும் வைக்கலாம். ஆனா சேவர் அணைஞ்சு யூபிஎஸ் வெறுமையாக முதல் கரண்ட் வந்தா, பெட்டிக்குக் கரண்ட் போனதே தெரியாது, எழும்பவும் மாட்டுது. காலமை அறை திறக்கிற ஆள் பட்டனைப் பாக்கிற பழக்கம் வேணும்.

கரண்ட் திடீரெண்டு போய் எழும்பினா ஐபிஏசிடிஎல் ஸ்டேட்டஸ் பாருங்கோ. சான்றிதழ்ச் சேவை மட்டும் எழும்பாம மற்றதெல்லாத்தையும் சேத்து இழுத்து விழுத்தினா, ஐபிஏசிடிஎல் ஸ்டார்ட் --இக்னோர்-சேவிஸ்-ஃபெயிலியர்ஸ். லொகின் ஓடும், வகுப்பு நடக்கும், பின்னேரம் ஆறுதலா மிச்சத்தைப் பாக்கலாம்.

வவுனியா_வயர்:

சான்றிதழ்ச் சேவை எழும்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு, பலரும் கவனிக்காதது. உள்ளே உள்ள சேவைச் சான்றிதழ்களின் ஆயுள் 2 வருடம். சேட்மொங்கர் என்ற கருவி அவை முடிவதற்கு 28 நாள் முன்பிருந்து தானாகப் புதுப்பிக்கும், ஆனால் சேவர் ஓடினால்தானே. நீண்ட விடுமுறைக்கு அணைத்து வைத்து, அந்தக் காலத்துக்குள் திகதி கடந்துவிட்டால் திரும்ப எழும்பும்போது ஒன்றை ஒன்று நம்பாது. அணைக்க முதல் கெட்சேட் லிஸ்ட் அடித்து "எக்ஸ்பயர்ஸ்" வரிகளைப் பாருங்கள். கடந்துவிட்டால் ஐபிஏ-சேட்-ஃபிக்ஸ் என்ற கருவி இருக்கிறது. செத்த பற்றரியால் திகதி பின்னுக்குப் போனாலும் இதே தோற்றம்தான் வரும், அப்போது சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று சொல்லும். ஆகவே ஃபிக்ஸ் ஓட்டுவதற்கு முன் திகதியைப் பாருங்கள்.

காப்புப்பிரதி: ஐபிஏ-பேக்கப் முழுதாக ஓடும்போது சேவைகளை நிறுத்தும், இரவில் போடுங்கள். --டேட்டா --ஒன்லைன் என்றால் நிறுத்தாது, ஆனால் யூசர் விபரம் மட்டும்தான் எடுக்கும். இரண்டும் /வார்/லிப்/ஐபிஏ/பேக்கப் அடைவில் விழும், அங்கேயே விட்டால் டிஸ்க்கோடு போய்விடும். /றூட்/சிஏசேட்.பி12 கோப்பையும் வெளியே எடுத்து வையுங்கள். அதைத் திறக்கிற பாஸ்வேட் நீங்கள் போட்ட அதே டிரெக்டரி மனேஜர் பாஸ்வேட். மீளமைக்கும்போது ஹோஸ்ட்நேமும் ஐபிஏ பதிப்பும் அப்படியே இருக்க வேண்டும், அதனால் உண்மையான பாதுகாப்பு இரண்டாவது சேவர்தான். 4 ஜிபி ராம் உள்ள ஏதாவது மெசினில் அல்மா 9 போட்டு, முதலில் கிளையன்டாகச் சேர்த்து, பிறகு ஐபிஏ-றெப்ளிகா-இன்ஸ்ரோல் --செட்டப்-சிஏ --செட்டப்-டிஎன்எஸ் --ஃபோர்வேடர்=8.8.8.8. செட்டப்-சிஏ விட்டுப்போனால் சான்றிதழ் அதிகாரி ஒரே பெட்டியில் மட்டும் இருக்கும், அந்தப் பெட்டி போனால் றெப்ளிகா (அந்த இரண்டாவது சேவர்) இருந்தும் மீட்க முடியாது. அதைப் போட்ட பிறகு றவுட்டரின் இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தை அதன் ஐபியால் நிரப்பலாம்.

மாங்குளம்_லாப்:

ரெண்டாவது பெட்டிக்கு ஒரு 4 ஜிபி மெசின் கிடக்கு, இந்தக் கிழமை போடுறன். கடைசியா ஒண்டு: பிள்ளைகளுக்கு 90 நாளில் பாஸ்வேட் மாறுது எண்டு பாத்தன். அதைக் கூட்டலாமோ? பிழையா அடிச்சுப் பூட்டுப்படுறதும் கரைச்சலா இருக்கு.

அக்கராயன்_அட்மின்:

பொதுக் கொள்கையைத் தொட வேண்டாம், அது அட்மினுக்கும் சேர்த்து. பிள்ளைகளை ஒரு குழுவில் போட்டு, அந்தக் குழுவுக்கு மட்டும் தனிக் கொள்கை எழுதுங்கோ:

ஐபிஏ பிடபிள்யூபொலிசி-அட் மாணவர் --பிரையோரிட்டி=10 --மக்ஸ்லைஃப்=365 --மின்லைஃப்=0 --மின்லெங்த்=8 --மக்ஸ்ஃபெயில்=10 --ஃபெயில்இன்டர்வல்=60 --லொக்அவுட்டைம்=120

குழுக் கொள்கை வந்தால் பொதுக் கொள்கையோட கலந்து எடுக்காது, அதால் ஒண்டையும் விடாமல் எழுதுறது நல்லது. மின்லைஃப் (திரும்ப மாத்த முதல் பொறுக்கோணும் நேரம்) பொதுவில் 1 மணித்தியாலம். புதுப் பாஸ்வேட் போட்ட கையோட மறந்து, உடன திரும்ப மாத்த வாற பிள்ளையை மறிக்கிறது அதுதான். பூட்டு பொதுவில் 600 செக்கன், மேல 120 ஆக்கியிருக்கு. அதுக்கும் பொறுக்காத ஆளுக்கு ஐபிஏ யூசர்-அன்லொக். றெப்ளிகா வந்த பிறகு ஒண்டைக் கவனியுங்கோ: பிழையா அடிச்ச எண்ணிக்கை ஒரு சேவரில் இருந்து மற்றதுக்குப் போகாது. யூசர்-ஸ்டேட்டஸ் அடிச்சால் ரெண்டிலும் தனித்தனியாக் காட்டும், எதில் பூட்டியிருக்கு எண்டு பாத்து அந்தச் சேவரில் திறவுங்கோ.